லிசியன் பாதையில் நடக்க: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, துருக்கியின் இந்தக் கடலோரப் பாதையை முழுசா நடக்க எத்தனை நாள் ஆகும்? எந்த மாதம் போகலாம்?

ஃபெத்தியே பக்கத்திலிருந்து அந்தால்யா பக்கம் வரை, 500 கிலோமீட்டருக்கு மேல். ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் அருமை, அக்டோபரும் நல்லது. சிவப்பு வெள்ளைக் கோட்டைப் பார்த்தே நடக்கலாம், பெருக்கல் குறி வந்தால் தப்பான வழி, திரும்பிவிடுங்கள். மூன்று லிட்டர் தண்ணீர் இல்லாமல் ஒரு நாளும் கிளம்பாதீர்கள். சுண்ணாம்புக்கல் மலை, பெய்த மழையெல்லாம் உள்ளே இறங்கிவிடும்.

கேள்வி: விசா?

தூதரகத் தளத்தைப் பாருங்கள்.

கேள்வி: இடிந்த கல்தானே எல்லாம், ஒன்றைப் பார்த்தால் போதாதா?

போதாது. பழங்கால லிசிய நகரமான பதாராவுக்கு முன்னால் டெலிக்கெமெர் என்று ஓர் இடம். ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோக, நடுவில் இருந்த பள்ளத்தின் குறுக்கே நீளமாகச் சுவர் கட்டி, அதன் மேல் நடுவில் துளைபோட்ட பெரிய கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு கல்லின் உதடு அடுத்த கல்லின் குழிக்குள் கச்சிதமாக உட்காரும், மூட்டில் கைவைத்தே பார்க்கலாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூப் மாதிரிதான், ஒரு பக்கம் இறங்கிய தண்ணீர் அழுத்தத்திலேயே மறுபக்கம் ஏறிவிடும். ரோமானியர் காலத்து வேலை. பதாராவிலேயே, லிசிய ஊர்கள் சேர்ந்து அமைத்த லிசியக் கூட்டமைப்பின் சபை மண்டபம் இருக்கிறது, ஊர்களின் பிரதிநிதிகள் அங்கே கூடி வாக்களித்தார்கள், பெரிய ஊர்களுக்கு மூன்று வாக்கு. இதையெல்லாம் வெறும் கல் என்று தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி: ஜூலையில்தான் லீவு, போகலாமா?

வேண்டாம். வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்தால் ஆபத்து.

கேள்வி: பாதையில் வரும் பழைய நகரமான ஸாந்தோஸின் சிற்பங்களை ஆங்கிலேயர் எடுத்துப் போனதால்தானே அவை பிழைத்தன?

இதைப் பற்றி ஏற்கெனவே இங்கே இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருப்பதால் விரிவாகச் சொல்கிறேன். 1840களில் சார்லஸ் ஃபெல்லோஸ் என்ற ஆங்கிலேயர் ஆட்டோமான் அரசின் அனுமதியோடுதான் கப்பலில் ஏற்றினார், அது உண்மை. ஆனால் அனுமதி கொடுத்தது இஸ்தான்புல், அந்த மலைக்காரர்களை யாரும் கேட்கவில்லை. எடுக்காத கல்லறைகள் இன்றும் அங்கேயே நிற்கின்றனவே? நெரெய்ட் நினைவுச் சின்னம் என்கிற கல்லறை லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஸாந்தோஸில் மிஞ்சியது அதன் அடித்தளம்தான். ஹார்ப்பி கல்லறையின் உச்சியில் இருப்பதும் வார்ப்பு நகல். நகலைப் பார்க்கவா அவ்வளவு தூரம் நடக்கிறோம்? அசல் திரும்பி வர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

"லண்டனில் லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்களே" என்கிறார் ஒருவர். பார்க்கட்டும், நகலை அங்கே வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: சைவம் கிடைக்குமா?

தாராளமாக. கிராமத்து விடுதிகளில் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி, தக்காளி, கீரை வைத்து மடித்துச் சுட்ட கோஸ்லெமே ரொட்டி எல்லாம் கிடைக்கும். சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம், கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆகஸ்ட்?

ஜூலைக்குச் சொன்னதேதான். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள். பழைய மழைநீர்த் தொட்டிகளை நம்பியும் போகாதீர்கள், அப்போது பல வற்றிக் கிடக்கும், இருந்தாலும் வடிகட்டாமல் குடிக்கக் கூடாது.

கேள்வி: ஒரு வாரம்தான் இருக்கிறது, எந்தப் பகுதி?

ஃபெத்தியே பக்கத்து ஒவாஜிக்கில் தொடங்கிப் பதாரா வரை. கால் வலித்தால் பெரிய ஊர்களில் டோல்முஷ் என்கிற ஷேர் வேன் கிடைக்கும். வழியில் ஃபராலியா கிராமத்தில் கயிற்றைப் பிடித்துப் பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கில் இறங்குகிற வழியை மட்டும் விட்டுவிடுங்கள், செங்குத்தான பாறை, விழுந்து செத்தவர்கள் உண்டு. ஒலூடெனிஸிலிருந்து படகிலேயே அங்கே போகலாம்.