வேலை போன பிறகு சொந்த கேமை வெளியிடலாமா?

வெளியிடலாம், அது கம்பெனி நேரத்திலும் கம்பெனி லேப்டாப்பிலும் உருவாகாமல், ஒப்பந்தத்திலும் வேறு மாதிரி எழுதாமல் இருந்தால். காட்பாடி வீட்டில் வார இறுதிகளில் செய்த வேலூர் கோட்டை கேமை, ஆட்குறைப்பில் உங்களை அனுப்பிய பெங்களூர் ஸ்டுடியோ "அதுவும் எங்களுடையது" என்கிறது, இதுதானே உங்கள் சிக்கல்? 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாகச் செய்ததுதான் முதலாளிக்குப் போகும்.

பெரும்பாலும் நியமனக் கடிதத்தில் "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்" என்று ஒரு வரி இருக்கும், அந்தத் தைரியத்தில்தான் கேட்கிறார்கள். இன்றே அதைத் தேடிப் பாருங்கள். அப்புறம் கிட் (Git, கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) பதிவுகளைத் திறந்தால், அகழி லெவலின் ஒவ்வொரு கமிட்டிலும் (சேமித்த மாற்றத்திலும்) எந்த மின்னஞ்சல், எந்தத் தேதி, எத்தனை மணி என்று இருக்கும். சொந்த ஜிமெயில், ஞாயிறு இரவு என்றால் உங்கள் பக்கம் பலம். ஒரு கமிட் ஆபீஸ் ஐடியில் போயிருந்தாலும் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

ஹை-ஃபை ரஷ் என்று அவ்வளவு நல்ல பெயர் வாங்கிய கேமைச் செய்த தன் டேங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டுடியோவையே மூடப்போவதாக 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆட்களை அனுப்பிவிட்டு அவர்களுடைய கற்பனையை மட்டும் மேலிடம் பிடித்து வைத்துக்கொள்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஒன்று மட்டும் கவனம்: கணக்கு முடிக்கும் தாளில் உரிமையை விட்டுக்கொடுக்கும் வாசகம் ஒளிந்திருக்கலாம், சத்துவாச்சாரி கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.