செயின் மட்டும் போதுமா, பிரீவீலும் மாத்தணுமா?

கேள்வி: அண்ணே, பையனுக்கு ப்ளஸ் ஒன்ல கவர்மெண்ட் குடுத்த சைக்கிள், இப்ப காலேஜுக்கும் அதுலதான் போறான். பாலாத்துப் பாலத்துல எதிர்காத்துக்கு எழுந்து நின்னு மிதிச்சா செயின் டக்குனு தாவுதாம், கால் வழுக்கி முட்டியில அடிபட்டு வந்தான். கடைக்காரரு செயின், பிரீவீல் (பின்சக்கரத்துல செயின் ஓடற பல்சக்கரம்), முன்னாடி பல்சக்கரம் மூணுமே மாத்தணும்னு சொல்றாரு. எண்ணெ போட்டா சரியாவாதா?
- ஒரு அம்மா, காட்பாடி

பதில்: எண்ணெயில தீர்ற விஷயம் இல்லம்மா. பாலத்துல பக்கத்துலயே லாரியும் பஸ்ஸும் போவும், அதனால வேலை முடியற வரைக்கும் தம்பிய உக்காந்தே மெதுவா மிதிக்கச் சொல்லுங்க.

மூணும் மாத்தணுமாங்கறத நீங்களே வீட்டுல அளந்து பாத்துடலாம். செயின் இழுத்துக்கிச்சுன்னு சொல்றோம், ஆனா தகடு நீள்றதில்ல, கண்ணிங்கள சேக்கற சின்ன இரும்பு பின்னும் அது சுத்தற இடமும் தேய்ஞ்சு ஒவ்வொரு கண்ணியிலயும் துளி துளியா லூஸ் விழுந்து மொத்தமா நீளம் கூடிடுது. புது செயின்ல ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவுல சரியா அரை இஞ்ச். ஆசாரி வச்சிருக்கற இரும்பு டேப் வாங்கிக்கோங்க, தையல் டேப் வேணாம், அது இழுபடும். டேப் நுனியில இருக்கற கொக்கி ஆடும், அதனால 1 இஞ்ச் கோட்ட ஒரு பின்னோட நடுவுல வச்சு, செயின நல்லா இழுத்துப் பிடிச்சு, 24 கண்ணி தள்ளி இருக்கற பின் எங்க நிக்குதுன்னு பாருங்க. 13ல நின்னா செயின் நல்லா இருக்கு. 13க்கு மேல அரைக்கால் இஞ்ச், அதாவது 3 மில்லிமீட்டர் தாண்டியிருந்தா கண்டிப்பா மாத்தணும், அதுல பாதி தாண்டியிருந்தா சீக்கிரம் மாத்த வேண்டி வரும். கியர் சைக்கிளா இருந்தா அந்தப் பாதியிலயே மாத்திடறது நல்லது.

சில பேரு கண்ணிய வெட்டிட்டு டைட் பண்ணி குடுத்துடுவாங்க, அதுக்கு ஒத்துக்காதீங்க. தொங்கறது நிக்கும், ஆனா மிச்ச கண்ணியெல்லாம் அதே நீளத்துலதான இருக்கும், அது பல்ல அரைச்சிக்கினே இருக்கும்.

பிரீவீல் பல்லு ஒரு பக்கம் சாஞ்சு கொக்கி மாதிரி கூரா இருந்தா கடைக்காரரு சொல்றது நியாயம்தான், தேய்ஞ்ச பல்லுல புது செயின் போட்டா முன்னவிட அதிகமா தாவும். முன்னாடி பல்சக்கரத்துல பல்லு நிறைய, தேய்மானம் பிரிஞ்சு போறதால அது ரொம்ப நாள் வரும், பல்லு ஒழுங்கா இருந்தா விட்டுடுங்க. இன்னொண்ணு, செயின் பல்லுலயே உக்காந்திருக்கு, ஆனா பெடல் திடீர்னு காலியா சுத்துதுன்னா பிரீவீலுக்குள்ள கோளாறு, அதுக்கு செயின் மாத்தி பிரயோஜனம் இல்ல.

புது செயின் போட்டதும் அதோட ரெண்டு முனையையும் சேத்துப் பிடிக்கற லாக் கிளிப்ப ஒருவாட்டி பாத்துடுங்க, மூடின பக்கம் செயின் ஓடற திசையில இருக்கணும், திருப்பி மாட்டினா வழியில கழண்டு விழலாம். பழைய இன்ஜின் ஆயில் ஊத்தவே கூடாது, அதுல இரும்புத்தூள் இருக்கும், நம்ம ரோட்டு மண்ணும் அதுல ஒட்டிக்கினா செயின ராவித் தள்ளிடும். துணியால நல்லா துடைச்சிட்டு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மேல இருக்கறத மறுபடி துடைச்சிடுங்க. தேங்காண்ணெ வேணாம், பிசுபிசுன்னு ஆயிடும். நடுவுல விரல வச்சு தூக்கினா செயின் அரை இஞ்ச் போல ஏறி இறங்கணும், அதுக்கு மேல டைட் பண்ண விடாதீங்க.