அம்மா பெயரில் இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. இரண்டு வருடத்தில் இரண்டு விபத்து. முதலாவது என் தப்பு, இரண்டாவது பாதி என் தப்பு. வேகமாகப் போனதற்கு ஒரு அபராதமும் கட்டியிருக்கிறேன். நடுவில் வேலை இல்லாதபோது பாலிசியைப் புதுப்பிக்காமல் இரண்டு மாதம் விட்டுவிட்டேன், வண்டியையும் தொடவில்லை. இப்போது ஒரு கம்பெனி முடியாது என்றுவிட்டது. இன்னொன்று பழைய பிரீமியத்தைப்போல் இரண்டரை மடங்கு கேட்கிறது. "அம்மா பெயரில் எடு, நீ ஓட்டு" என்கிறான் நண்பன். செய்யலாமா? வேறு வழி உண்டா?

பதில்: நண்பன் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம்.

வண்டியைப் பெரும்பாலும் அம்மாதான் ஓட்டுகிறார், நீங்கள் எப்போதாவது எடுக்கிறீர்கள் என்றால் அவர் பெயரில் எடுத்து, உங்களைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பதில் தப்பே இல்லை. தினமும் ஓட்டப்போவது நீங்கள், படிவத்தில் மட்டும் அம்மா என்றால் அது பொய்த் தகவல். பிரிட்டனில் இதற்கு 'ஃபிரண்டிங்' என்றே பெயர் வைத்து, மோசடிக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். பாலிசி கொடுக்கும்போது யாரும் துருவ மாட்டார்கள். விபத்துக்குப் பிறகுதான் துருவுவார்கள். வேலைக்கு யார் ஓட்டிப் போகிறார், இரவில் வண்டி எங்கே நிற்கிறது என்று நாலு கேள்வி கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். கிளெய்மை மறுத்தால் உங்கள் பம்பரோடு போகாது. அடிபட்டவரின் ஆஸ்பத்திரிச் செலவும் உங்கள் தலையில், அம்மாவின் தலையில் விழலாம்.

சரி, ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்? உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. உங்களைப் போன்ற வயது, விபத்து, அபராதம் உள்ள ஆயிரக்கணக்கானவர்களை ஒரே கூடையில் போட்டு, அந்தக் கூடைக்கு எவ்வளவு செலவானது என்று பார்க்கிறார்கள். அந்த இரண்டு மாத இடைவெளியும் உங்களுக்கு எதிராகவே எண்ணப்படும். வண்டியே ஓட்டாத மாதங்களுக்கு ஒருவரைப் பாராட்ட வேண்டும் என்று நமக்குத் தோன்றும். இன்ஷூரன்ஸ் இல்லாமலே ஓட்டினாரோ, கட்டப் பணமில்லையோ என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். இனிமேல் வண்டியை நிறுத்திவைக்கும் நிலை வந்தால், பாலிசி முடியும் முன்பே போன் செய்து, நிற்கும் வண்டிக்கு மட்டும் குறைந்த பிரீமியத்தில் ஏதாவது உண்டா என்று கேளுங்கள்.

நல்ல செய்தி, இந்தக் கூடையில் நிரந்தரமாக யாரும் இருப்பதில்லை. பெரும்பாலான கம்பெனிகள் கடந்த மூன்று முதல் ஐந்து வருடங்களைத்தான் பார்க்கும். குடித்துவிட்டு ஓட்டியது போன்ற பெரிய குற்றங்கள்தான் அதிக நாள் தொடரும். இரண்டு விபத்துகளின் தேதியையும் அபராதத்தின் தேதியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றும் மூன்று வருடம் தாண்டும்போது புதிதாக விலை கேளுங்கள். கம்பெனி தானாகக் கூப்பிட்டுக் குறைக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

அதுவரை என்ன செய்வது? ஒரு கம்பெனி மறுத்தால் எல்லாரும் மறுத்ததாக ஆகாது. ரெக்கார்டு மோசமானவர்களுக்குத்தான் கம்பெனிக்குக் கம்பெனி விலை அதிகம் வேறுபடும். இப்படிப்பட்ட ஓட்டுநர்களையே குறிவைத்து நடக்கும் கம்பெனிகளும் உண்டு. ஒரே கம்பெனியின் ஏஜென்டைவிடப் பல கம்பெனிகளோடு பழகும் புரோக்கர் உங்களுக்கு உதவுவார். எல்லாரிடமும் ஒரே விவரத்தை, விபத்துகளையும் சேர்த்தே, சொல்லி விலை வாங்குங்கள். யாருமே தராவிட்டாலும் சில நாடுகளில் கடைசிக் கதவு ஒன்று இருக்கிறது. பிரான்சில் கம்பெனி மறுத்தால், அதற்கென்றே இருக்கும் ஒரு மைய அமைப்பிடம் போகலாம். பிரீமியத்தை அது நிர்ணயிக்கும், கம்பெனி ஏற்றாக வேண்டும். அமெரிக்க மாநிலங்களில், மறுக்கப்பட்டவர்களைக் கம்பெனிகள் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடுகள் உண்டு. அந்தக் கதவு பொதுவாக மலிவானதல்ல. மற்றதெல்லாம் பார்த்த பிறகு தட்டுங்கள்.

பிரீமியத்தைக் குறைக்கக் கைவைக்கும் இடம் முக்கியம். அடுத்தவருக்குத் தர வேண்டிய நஷ்டஈட்டுக்கான பகுதியில் கைவைக்காதீர்கள். உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதியில் வைக்கலாம். கிளெய்மில் நாம் கைக்காசு போடும் முதல் பங்கு, அதுதான் டிடக்டிபிள், அதை உயர்த்தினால் பிரீமியம் குறையும். நாளைக் காலையே எடுத்து வைக்க முடிந்த தொகை வரை உயர்த்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். வண்டி பழசா? சொந்தச் சேதத்துக்கு வருடம் கட்டும் பிரீமியத்தையும் டிடக்டிபிளையும் கூட்டுங்கள். அது வண்டியின் விலையை நெருங்கினால் அந்தப் பகுதியே தேவையில்லை. கடனில் வாங்கிய வண்டியென்றால் மட்டும் கடன் கொடுத்தவர் சம்மதிக்க மாட்டார். மாதத் தவணையில் பெரும்பாலும் வட்டி ஒளிந்திருக்கும், கேட்டுவிடுங்கள். ஓட்டும் விதத்தைப் பார்த்து விலை போடும் செல்போன் ஆப், கருவிகளும் இருக்கின்றன. திடீர் பிரேக், வேகம், நள்ளிரவு ஓட்டம் எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். நிஜமாகவே திருந்தியவருக்கு அது நல்ல சாட்சி. ஆனால் மதிப்பெண் குறைந்தால் விலை ஏறுமா என்று முதலிலேயே கேளுங்கள். சில இடங்களில் ஏறும்.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் உரசி, பின் கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு. இன்ஷூரன்ஸ் எதற்கு இருக்கிறது என்று கிளெய்ம் போட்டேன். டிடக்டிபிள் போகக் கைக்கு வந்தது, குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிடும் அளவுக்குத்தான். போனது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்மே போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி. அடுத்த சில வருடங்களுக்கு ஒவ்வொரு படிவத்திலும் 'கிளெய்ம் உண்டா' என்ற இடத்தில் அந்தத் தூண் என்னைப் பார்த்துச் சிரித்தது. கீறலுக்கெல்லாம் கைக்காசு போடுவதே லாபம். ஆனால் இன்னொருவர் சம்பந்தப்பட்டிருந்தால், கிளெய்ம் கேட்காவிட்டாலும் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் அது நிபந்தனை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது: 'பாதி என் தப்பு.' அப்படிச் சொல்வது நீங்கள். கம்பெனி அதை எப்படிப் பதிந்து வைத்திருக்கிறது? முழுத் தப்பும் உங்களுடையது என்று பதிவாகியிருந்தால், நீங்கள் பார்க்கும் இரண்டரை மடங்கில் அதற்கும் பங்கு இருக்கலாம். உங்கள் கிளெய்ம் விவரத்தின் நகலை எழுத்தில் கேளுங்கள். தப்பாக இருந்தால் போட்டோ, போலீஸ் அறிக்கை, எதிர் வண்டிக்காரரின் வாக்குமூலம் எது இருந்தாலும் சேர்த்துத் திருத்தச் சொல்லுங்கள். புரோக்கரைப் பார்க்கும் முன் அந்தக் கடிதம் போகட்டும்.