சூறாவளியின் வலு: மட்டக்களப்பிலிருந்து ஒரு கேள்வி பதில்

வாழைச்சேனை: ஐயா, சூறாவளி வலுப்பெறக் கடற்சூடுதான் காரணமென்றால் ஆடியில் ஏன் சூறாவளி எமது பக்கம் வருவதில்லை?

சூடு தேவை, அது மட்டும் போதாது. கடல்நீர் மேற்பரப்பில் மட்டுமன்றிச் சில பத்து மீற்றர் ஆழம்வரை ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்கும்போது எழும் நீராவி, உயரத்தில் ஒடுங்கி முகிலாகையில், ஆவியாகும்போது உள்வாங்கிய மறைவெப்பத்தை, கிலோகிராமுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் யூல் வீதம், வெளிவிடுகிறது. அதனால் நடுப்பகுதி வெப்பமடைந்து அமுக்கம் இறங்க, சுற்றுப்புறக் காற்று ஈரத்தோடு உள்ளே இழுபடுகிறது. காற்றின் வேகம் கூடக்கூட ஆவியாதலும் கூடுகிறது. ஆடியில் கீழே மேற்கிலிருந்தும் மேலே கிழக்கிலிருந்தும் காற்று வலுவாக வீசுவதால் நடுவில் மேலெழும் அந்த வெப்பக் காற்றுத் தூண் சரிந்து சிதறுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இம்முரண் தணிவதோடு, வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் காற்றுகள் சந்திக்கும் தாழமுக்க வலயமும் எமது அகலக்கோட்டுக்கு அண்மையில் வந்துவிடுகிறது.

அக்கரைப்பற்று: அடுத்த வாரம் கடலுக்குப் போகலாமா?

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள். நான் எதிர்வுகூறுபவன் அல்லன்.

கல்லடி: மரங்களிலும் வீடுகளிலும் மோதித்தானே அது ஓய்கிறது?

தரையின் உராய்வு கீழ்க்காற்றைத் தணிக்கும், உண்மை. ஆனால் சூறாவளியைச் சாய்ப்பது நீராவி வரத்து அறுந்துபோவதே. காற்றுத் தணிந்தபின்னும் மழை கொட்டக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஏறாவூர்: எமது வாவி அதற்கு நீராவி கொடுக்காதா?

நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலமான சுழற்சிக்கு, ஆழம் குறைந்த வாவி எம்மாத்திரம்?

கல்லடி (மீண்டும்): அப்படியானால் 1978 இல் சூறாவளி தீவையே கடந்தது எப்படி? உங்கள் விளக்கம் பொருந்தவில்லை.

பொருந்துகிறது. நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய அச்சூறாவளி தரையில் வலுவிழந்தது. ஆனால் தீவு குறுகியது; முழுதாக அடங்குமுன்னரே மன்னார் வளைகுடாவின் கடல் அதற்குக் கிடைத்ததால், மறுநாள் இராமநாதபுரக் கரையையும் தாக்கியது. ஆனாலும் கடல் கிடைத்தால் மட்டும் போதாது: 2020 டிசெம்பரில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரேவி என்ற சூறாவளி, அதே வளைகுடாவை அடைந்தும் அங்கேயே தங்கி வலுவிழந்தது. ஓரிடத்தில் தங்கும் சூறாவளி அடியிலுள்ள குளிர்நீரைத் தானே கலக்கி மேலே கொண்டுவருவதும் உண்டு.

களுவாஞ்சிகுடி: குண்டு போட்டுக் கலைக்க முடியாதா?

முடியாது. இக்கேள்வி முன்னரும் வந்தது. இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

திருக்கோவில்: நடுவில் அமைதி வரும் என்கிறார்களே, அப்போது வலு குறைந்துவிட்டதா?

இல்லை. அது சூறாவளியின் கண். வலு முழுவதும் அதன் சுற்றுச்சுவரில் இருக்கிறது; சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். கூரையைப் பார்க்க அப்போது வெளியே போகாதீர்கள்.