மொன்டானா நம்பர் பிளேட் போட்டால் வரி மிச்சமா?

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறோம். 1,20,000 டாலருக்கு மோட்டார் ஹோம் (உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டி) வாங்கப் போகிறோம். மொன்டானா மாநிலத்தில் ஒரு எல்எல்சி (ஒருவகை கம்பெனி) தொடங்கி அதன் பேரில் பதிவு செய்தால் விற்பனை வரியே இல்லை என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: மொன்டானாவில் பொது விற்பனை வரி இல்லை என்பது நிஜம்தான். ஆனால் வண்டி நிற்கப்போவது உங்கள் வீட்டு வாசலில் அல்லவா? வெளியே வாங்கிய வண்டியை கலிபோர்னியாவாசி ஒருவர் 12 மாதத்துக்குள் உள்ளே கொண்டுவந்தால், இங்கே ஓட்டத்தான் வாங்கினார் என்றே வரித்துறை எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலைவலி. காகிதத்தில் மட்டும் இருக்கிற கம்பெனி அங்கே கைகொடுக்காது. விற்பனை வரிக்குப் பதிலாக யூஸ் டாக்ஸ் என்று அதே விகிதத்தில் போடுவார்கள், குறைந்தது 7.25 சதவீதம், அதாவது உங்கள் வண்டிக்கு 8,700 டாலர், ஊரைப் பொறுத்து இன்னும் ஏறும், மாட்டினால் அபராதமும் வட்டியும் தனி. வேறு மாநிலத்தில் முறையாக விற்பனை வரி கட்டி வாங்கியிருந்தால், அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.

அப்புறம், வெளிமாநிலத்தில் வாங்கும்போது ஓடோமீட்டரையும் பாருங்கள். 7,500 மைல்கூட ஓடாத வண்டியைப் புதிது என்றே கணக்கில் வைப்பார்கள், அது கலிபோர்னியாவின் புகை விதிகளின்படி தயாரானது என்ற சான்று இல்லையென்றால் பொதுவாக இங்கே பதிவே கிடைக்காது. நண்பர் இதைச் சொன்னாரா?