கங்காரு கட்டும் பாலாடைச் சங்கும்
வாசகர் கேள்வி-பதில்

என் மனைவிக்கு 30-வது வாரத்தில் பிரஷர் 170/110 வரை ஏறியதால் சிசேரியன் செய்தார்கள். குழந்தை 1,250 கிராம், இன்னும் பச்சிளங்குழந்தைப் பிரிவில்தான் இருக்கிறது. மனைவி வீட்டுக்கு வந்துவிட்டாள். "புள்ள பொறந்தாச்சு, இனி பிரஷர் தானா இறங்கிடும்" என்கிறார் அம்மா. ஆனால் நேற்றிலிருந்து அவளுக்குத் தலைவலி. தூக்கம் கெட்டதாலா?
வாசகர், தேனி

உங்களுக்கு அன்றே போனில் சொன்னதை மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறோம்: உடனே பிரஷர் பாருங்கள். தூக்கத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கர்ப்பகால பிரஷரின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அங்கிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் பொருட்கள் ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. நஞ்சுக்கொடியை எடுத்துவிட்டாலும் கெட்ட சுவர் சீராக நாளாகும். அதோடு, கை கால் முகத்தில் தேங்கிய நீர் மறுபடி ரத்தத்துக்குள் திரும்புவதால், பிரசவமான மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை பிரஷர் ஏறத்தான் செய்யும். சரியாக அந்த நாட்களில்தான் நம் ஊரில் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வருகிறார்கள். இந்த பிரஷரால் வலிப்பும் வரலாம், பெரும்பாலும் பிரசவமான முதல் 48 மணி நேரத்தில் வரும். அதற்குப் பிறகும், ஆறு வாரம் வரைகூட வரலாம்.

வீட்டில் டிஜிட்டல் மெஷின் இருந்தால்: ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வையுங்கள். கால் தரையில் இருக்கட்டும். பட்டையை ஜாக்கெட் கைக்கு மேலே சுற்றாமல் வெறும் கையில், நெஞ்சு உயரத்தில் சுற்றுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள். குண்டான கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். 150/100 தாண்டினால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். 160/110 தொட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். எண் குறைவாக இருந்தாலும் விடாத தலைவலி, கண்ணில் மின்னல், மூச்சிரைப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி இருந்தால் காத்திருக்கக் கூடாது. அந்த விலா வலியைக் 'கேஸ்' என்று மாத்திரை போட்டு அமுக்கிவிடுவார்கள். ஈரல் பாதித்து, ரத்தத் தட்டணுக்கள் குறையும் 'ஹெல்ப்' என்ற சிக்கலுக்கும் அதே இடத்தில்தான் வலி வரும்.

இன்னொன்று. பால் கொடுக்கிறேன் என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். லேபட்டலால், நிஃபெடிபின், எனலாப்ரில் மூன்றையும் தாய்ப்பால் கொடுக்கும்போது எடுக்கலாம். மருத்துவர் குறைக்கச் சொல்லும் வரை தொடரட்டும்.

பிரசவத்துக்கு முன் இரண்டு பக்க இடுப்பிலும் ஊசி போட்டார்கள். உடம்பெல்லாம் தீயாய் எரிந்தது. அப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை முழங்காலில் சுத்தியலால் தட்டினார்கள். எதற்கு?
வாசகி, அறந்தாங்கி

அது மெக்னீசியம் சல்பேட். வலிப்பு வராமல் காக்கும் மருந்து. வழக்கமாக நரம்பில் 4 கிராம் மெதுவாகச் செலுத்தி, இடுப்பின் இரு பக்கமும் 5 கிராம் வீதம் ஆழமாகப் போடுவார்கள். பிறகு நாலு மணிக்கு ஒருமுறை 5 கிராம், பிரசவம் அல்லது கடைசி வலிப்பு, இதில் எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை. எரிச்சல் அந்த மருந்தின் குணம், ஒவ்வாமை அல்ல.

இது சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீர் குறைந்தால் உடம்பில் சேர்ந்து, முதலில் முழங்கால் துள்ளல் போகும், அதற்குப் பிறகு மூச்சு. ஆகவே ஒவ்வொரு ஊசிக்கும் முன் மூன்று சோதனை: தட்டினால் கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, நாலு மணி நேரத்தில் 100 மி.லி. சிறுநீராவது வந்திருக்கிறதா. ஒன்று தவறினாலும் அடுத்த ஊசி கிடையாது. மருந்து அதிகமானால் அதை முறிக்கக் கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் பக்கத்திலேயே தயாராக இருக்கும். அந்தச் சுத்தியலை எரிச்சலோடு பார்க்காதீர்கள். 32 வாரத்துக்கு முன் பிறக்கப்போகும் குழந்தையின் மூளைக்கும் இந்த மருந்து காப்பு.

குழந்தை ஐ.சி.யூ.வில் இருக்கிறது. பிழிந்தால் 5 மி.லி.கூட வரவில்லை. "பவுடர் பால் வாங்கித் தரட்டுமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.
வாசகி, ஓசூர்

1,200 கிராம் குழந்தைக்கு முதல் நாளில் ஒரு வேளைக்குத் தேவைப்படுவதே ஓரிரு மி.லி.தான். நீங்கள் எடுத்த 5 மி.லி. இரண்டு மூன்று வேளைச் சாப்பாடு! சீம்பால் என்பதால் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. குறைமாதக் குடலுக்குப் பவுடர் பால் கடினம். குடல் சுவர் அழுகும் நோய் பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளுக்கே அதிகம் வருகிறது. உங்கள் பால் போதாவிட்டால் அடுத்துக் கேட்க வேண்டியது தாய்ப்பால் வங்கியை. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உட்படப் பல அரசு மருத்துவமனைகளில் அது இருக்கிறது.

பால் ஊற ஒரே வழி அடிக்கடி எடுப்பது. ஒரு நாளில் 8 முதல் 12 முறை, இரவில் ஒரு முறையாவது. இரவு முழுக்கத் தூங்கிவிட்டு, பகலில் மணிக்கணக்கில் பிழிந்தாலும் பால் வற்றத் தொடங்கும். முடிந்தால் குழந்தை அருகில் உட்கார்ந்து எடுங்கள். கை கழுவி, மார்பை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, கட்டை விரலைக் கருவட்டத்துக்கு மேலும் ஆள்காட்டி விரலைக் கீழும் காம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே தள்ளி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி விடுங்கள். தோல் மேல் விரலை இழுத்து உருவினால் பால் வராது, புண்தான் வரும். காம்பைப் பிழிந்தாலும் அப்படியே. ஒரு பக்கம் நாலைந்து நிமிடம், பிறகு மறுபக்கம், மாறி மாறி மொத்தம் 20 முதல் 30 நிமிடம்.

எடுத்த பாலை, கொதிநீரில் போட்டு எடுத்த ஸ்டீல் கிண்ணத்தில் மூடி, தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். வெளியே வைத்தால் 4 மணி நேரம், நம் ஊர் வெயிலில் அதைவிடச் சீக்கிரம். ஃபிரிட்ஜின் உள்ளே, கதவுப் பக்கம் இல்லாமல் வைத்தால் 24 மணி நேரம். சூடாக்க அடுப்போ மைக்ரோவேவோ வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்தால் போதும்.

பேரன் 1,600 கிராம். சங்கில்தான் ஊட்டச் சொன்னார்கள், புரையேறுமோ என்று பயமாக இருக்கிறது. நெஞ்சோடு கட்டி வைத்துக்கொள்ளவும் சொன்னார்கள். அதை நான் செய்யலாமா, அம்மாதான் செய்யணுமா?
ஒரு பாட்டி, சிவகங்கை

நீங்களும் செய்யலாம் அம்மா, தாத்தாவும் செய்யலாம். தேவை சட்டையில்லாத, சுத்தமான, இருமல் சளி இல்லாத நெஞ்சு. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய 'கங்காரு' முறை இது. இன்குபேட்டர் இருக்கும் இடங்களிலும் இன்று இதுதான் சிபாரிசு.

குழந்தைக்கு டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் போட்டு, நெஞ்சின் நடுவில் நிமிர்த்தி வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை சற்றே தூக்கியபடி இருக்கட்டும். கழுத்து மடங்கினால் மூச்சுக்குழல் அடைபடும். கால்கள் தவளை போல விரிந்து மடங்கட்டும். துணியின் மேல் விளிம்பு காதுக்குக் கீழே வரும்படி, முதுகில் இறுக்கமாகக் கட்டுங்கள். தொளதொளப்பாகக் கட்டினால் குழந்தை உள்ளே சரிந்துவிடும். மல்லாந்து படுக்காமல் பாதி சாய்ந்து உட்காருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், நாளில் மொத்தம் 8 மணி நேரத்துக்கு மேல். 2,500 கிராம் நெருங்கும்போது குழந்தையே நெளிந்து "போதும்" என்று சொல்லிவிடும்.

சங்கைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து எடுங்கள். குழந்தையை மடியில் பாதி உட்கார்ந்த நிலையில் பிடித்து, சங்கின் மூக்கை உதட்டின் ஓரத்தில் வைத்து, சொட்டுச் சொட்டாகச் சாய்த்து, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. சங்கை நாக்கின் நடுவே கவிழ்ப்பதால்தான் புரையேறுகிறது. அழும்போது, தூங்கும்போது ஊட்டக் கூடாது. உதடு நீலமானால் நிறுத்துங்கள். உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒருங்கே செய்யும் திறன் 34 வாரம் வாக்கில்தான் வரும். அதற்கு முன் இந்தப் பொறுமை தேவை. தினம் 25 கிராம் கூடினால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

சாம்பிராணி, எண்ணெய் முழுக்கு, உரைமருந்து?
ஒரே கேள்வியோடு பலர்

மூன்றும் வேண்டாம். புகை அந்த நுரையீரலுக்கு ஆகாது. முழுக்கு 2,500 கிராம் வரை காத்திருக்கலாம், அதுவரை துடைத்தால் போதும். உரைமருந்துக் கல்லில் வசம்பு, ஜாதிக்காயோடு கிருமியும் சேர்ந்து இழையும். வயிறு, பாதம் இரண்டையும் தொட்டுப் பாருங்கள்: வயிறு சூடு, பாதம் குளிர்ச்சி என்றால் குழந்தை குளிரோடு போராடுகிறது, உடனே நெஞ்சில் கட்டுங்கள். இரண்டுமே குளிர்ந்திருந்தால் கட்டிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.

31 வாரத்தில் பிறந்த மகள் நன்றாகப் பார்க்கிறாள். கண் பரிசோதனையை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளலாமா?
வாசகி, திருப்பூர்

தள்ளக் கூடாது. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வளர்ந்து, கர்ப்பத்தின் பத்தாம் மாத வாக்கில்தான் முடியும். முன்னதாகப் பிறந்தால் அந்த வளர்ச்சி நின்று, பிறகு தாறுமாறாக முளைத்து, விழித்திரையையே இழுத்துப் பெயர்க்கலாம். வெளியே சிவப்போ, நீர் வடிதலோ எதுவும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

34 வாரத்துக்கு முன் அல்லது 2,000 கிராமுக்குக் கீழ் பிறந்த எல்லோருக்கும் 30 நாளுக்குள், 28 வாரத்துக்கு முன் அல்லது 1,200 கிராமுக்குக் கீழ் என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே முதல் பரிசோதனை. தவறுவது எங்கே தெரியுமா? இருபதாம் நாள் டிஸ்சார்ஜ், அங்கிருந்து தாய்வீடு, கண் மருத்துவமனை வேறு ஊரில். டிஸ்சார்ஜ் அன்றே தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். முதல் முறை "ஒன்றுமில்லை" என்றாலும், குழாய்கள் முழுதாக வளரும் வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். சிகிச்சை தேவை என்றால் லேசரோ ஊசியோ 48 முதல் 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியது, வீட்டில் கலந்து பேச நாள் கேட்காதீர்கள். காது கேட்கிறதா என்று பார்க்கும் 'பெரா' சோதனையும் கேளுங்கள்.

ஆறு மாதமாகியும் குப்புற விழவில்லை.
வாசகி, நாகர்கோவில்

30 வாரத்தில் பிறந்த குழந்தை என்கிறீர்கள். பத்து வாரம் முன்னதாக. 26 வாரத்தில் பத்தைக் கழித்தால் வளர்ச்சி வயது 16 வாரம், இன்னும் நாலு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு வயது வரை இப்படியே கணக்கிடுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படி.

அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா?
வாசகி, கும்பகோணம்

ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு இடைவெளி விடுங்கள். கருத்தரித்ததும் பழைய கதையைச் சொல்லுங்கள்: 12 முதல் 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள். அதைக் கடையில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, காலை ஒன்று, இரவு ஒன்று என்று பிரியுங்கள். அடுத்த குழந்தை வேண்டாம் என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை பிரஷர் பாருங்கள். பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு உங்களுக்குக் கூடுதல். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் தாளை லேமினேட் செய்யாமல் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், மருத்துவர் அதில் எழுத வேண்டியிருக்கும்.