வாசகர் கேள்வி–பதில்: வண்டி மிஸ் அடிக்கிறது, எதை மாற்றுவது?

கேள்வி: எங்களுடையது 2016 மாடல், மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு பெருமழைக்கு மறுநாளில் இருந்து ஐடிலிங்கில் குலுங்குகிறது. மேடு ஏறும்போது செக் இன்ஜின் விளக்கு மினுக்குகிறது. காயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். வீட்டிலேயே ஏதாவது பார்க்க முடியுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பார்க்கலாம். ஆனால் விளக்கு மினுக்கும்போது வண்டியை விரட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், சைலன்சருக்கு முன்னால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அது உருகினால் ஆகும் செலவு, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் செலவைப்போலப் பல மடங்கு.

மூன்று சிலிண்டரில் ஒன்று படுத்தாலே பலத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது, குலுக்கல் அதனால்தான். படுத்தது எது என்று தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம். இன்ஜின் கோளாறைப் படித்துச் சொல்லும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, போனில் பாருங்கள். பிழைக் குறியீடு பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, பி0303 மூன்றாவது. பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் ஓடும் பக்கத்தில் இருந்து எண்ண வேண்டும். பி0300 வந்தால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாது; பெட்ரோல், காற்றுக் கசிவு பக்கம் போக வேண்டும்.

பி0302 வந்ததாக வைத்துக்கொள்வோம். இன்ஜின் நன்றாக ஆறட்டும். காயில் கனெக்டரின் லாக்கை அழுத்திக் கழற்றுங்கள். பல வருடச் சூட்டில் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், இழுத்தால் உடையும். பெரும்பாலும் 10 எம்.எம். போல்ட் ஒன்றுதான். அதை எடுத்ததும் காயிலை லேசாகத் திருகி மேலே தூக்குங்கள். காயில் இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் உறிஞ்சி எடுத்துக் காற்றடித்துக் காயவையுங்கள். உங்கள் பிரச்சினை அதோடு முடியவும் கூடும். ஆயில் நின்றால் வால்வ் கவர் சீல் போயிருக்கிறது. பிளக்கையும் கழற்றினால், அதன் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலில் இழுத்ததுபோல் கறுப்புக் கோடு தெரிகிறதா? மின்பொறி நுனிக்குப் போகாமல் வெளியே வழிந்திருக்கிறது. அப்படியானால் பிளக்கோடு காயிலின் ரப்பர் உறையையும் மாற்ற வேண்டும். பிளக்கை மட்டும் மாற்றினால் கோடு திரும்ப வரும்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையா? இரண்டாவது காயிலை மூன்றாவது இடத்தில் போட்டு, மூன்றாவதை இங்கே போடுங்கள். ஸ்கேனரில் பழைய பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை ஓட்டுங்கள். குறியீடு உறுதியாகப் பதிவாகும் முன்பே ‘பெண்டிங்’ பட்டியலில் வந்துவிடும். இப்போது பி0303 வந்தால் காயில் குற்றவாளி, ஒன்றே ஒன்று வாங்கினால் போதும். பி0302 நகரவில்லை என்றால் பிளக்கை இதேபோல் இடம் மாற்றுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால்தான் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தமான கம்ப்ரெஷன் என்ற பேச்சு. அதற்கு ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும். போவதற்கு முன் ஒயர்களையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். நம் ஊரில் பாதி மர்மத்துக்குக் காரணம் எலி.

பிளக் நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் ஆரோக்கியம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை. புது பிளக்கின் எண் 10 என்று முடிந்தால் இடைவெளி 1.0 எம்.எம்., 11 என்றால் 1.1. சில நிறுவனங்களின் எண்முறை இது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபாருங்கள். பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் டியூபைச் செருகி, விரலாலேயே முழுக்கத் திருகுங்கள். மரை தப்பினால் டியூப் வழுக்கிவிடும், அலுமினிய ஹெட் தப்பிக்கும். விரலில் நின்றதும் வாஷர் உள்ள புது பிளக்கை அரைச் சுற்று இறுக்கினால் போதும். ஓடும் இன்ஜினில் காயிலைத் தூக்கிச் சோதிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், ஆயிரக்கணக்கான வோல்ட் கைக்கு வரும்.

கேள்வி: ஐடிலிங் ஏறி ஏறி இறங்குகிறது. பானெட்டுக்குள் ‘ஸ்ஸ்...’ என்று சத்தம். த்ராட்டில் பாடியை க்ளீன் செய்தால் சரியாகுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சத்தம் இருக்கிறது என்றால் முதலில் வேக்குவம் கசிவை, அதாவது இன்ஜின் ஓட்டை வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும் இடத்தைத் தேடுங்கள். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், இன்ஜினுக்குள் சேரும் புகையைத் திரும்ப உறிஞ்ச வால்வ் கவரில் இருந்து வரும் பி.சி.வி. ஹோஸ், இவற்றின் வளைவுகளில்தான் வெடிப்பு விழும். ஒவ்வொன்றாக விரலால் நசுக்குங்கள், நசுக்கும்போது ஐடிலிங் மாறினால் அங்கேதான். சந்தேகமுள்ள இணைப்பில் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரைச் சின்னதாகப் பீய்ச்சி ஐடிலிங் மாறுகிறதா என்று பார்க்கலாம், காயில் பக்கம் மட்டும் போகக் கூடாது. கார்ப் க்ளீனரை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான மேனிஃபோல்டில் அது தீப்பிடிக்கும்.

கசிவு இல்லை என்றால், உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைத் துடையுங்கள். க்ளீனரைத் துணியில் அடித்து, தகட்டின் ஓரத்தில் படிந்த கரியை எடுக்க வேண்டும். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் கியர் பல் போய்விடும். துடைத்தபின் சில வண்டிகளில் ஐடிலிங் கொஞ்ச நேரம் தடுமாறும். ஏ.சி. போடாமல் பத்து நிமிடம், போட்டுப் பத்து நிமிடம், வண்டியை நகர்த்தாமல் இன்ஜினை ஓடவிடுங்கள்.

கேள்வி: வண்டி நின்றால் ஸ்டியரிங் நடுங்குகிறது, ரேஸ் கொடுத்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது. ஸ்கேனரில் ஒன்றும் இல்லை.
– வாசகர், விருதுநகர்

பதில்: இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கைப் பாருங்கள். சமதளத்தில் பானெட்டைத் திறந்து, வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். உள்ளே இருப்பவர் பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் பிடித்தபடி, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைக் கொஞ்சமாக விடட்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் இன்ஜின் துள்ளினால் ரப்பர் கிழிந்திருக்கும்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டக் டக்’ சத்தம், சில நொடியில் நிற்கிறது. ஆபத்தா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: ஆயில் மேலே ஏறும்வரை, வால்வைத் தள்ளும் டாப்பெட் தட்டுவது அது. இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும். இன்ஜின் சூடான பிறகும், பளு ஏற ஏற ‘டொக் டொக்’ என்று ஆழத்தில் இருந்து கேட்டால், அது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் பேரிங். ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து கொண்டுபோங்கள்.